கார்டுக்குச் சொந்தக்காரர்

மயங்கிக் கிடக்கிறவரின் சட்டைப் பையில் கை விட முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். போன மாதம் ஒரு வேலையாக ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, உங்களில் ஒருவர் அதற்காக வாட்ச்மேனைக் கூப்பிட்டதைப் பார்த்தேன். கூப்பிட வேண்டாம். நீங்களே தேடுங்கள். பக்கத்தில் இன்னொரு நர்ஸை நிற்க வைத்துக்கொண்டு, எடுத்ததையெல்லாம் அவர் கண் முன்னால் ட்ரேயில் வையுங்கள். ஆள் யாரென்று தெரியாவிட்டால் அவருக்கு என்ன நோய், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது, யாரைக் கேட்பது என்று ஒன்றுமே தெரியாது. அந்த நேரத்தில் கூச்சம் பார்க்க முடியாது.

கேஷுவால்டிக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸுகள் உங்களிடம், இங்கேயே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற என்னை ஏதாவது பேசச் சொன்னார்கள். ஊசி, டியூப், மானிட்டர் பற்றியெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சைக்கிள்காரர்களைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்தேன்.

நம் ஊரில் சைக்கிள் குறையவில்லை, கவனித்திருப்பீர்கள். பெங்களூர் ரயிலைப் பிடிக்க விடிந்ததும் ஸ்டேஷனுக்கு மிதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மார்க்கெட்டுக்குப் போகும் பென்ஷன்காரர்கள் இருக்கிறார்கள். சனி ஞாயிறானால் தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைப் பார்க்க பெங்களூரிலிருந்து ஹெல்மெட்டும் இறுக்கமான உடுப்புமாக ஒரு கூட்டம் வருகிறது. பைக்கில் போகிறவர் போலீசுக்குப் பயந்தாவது லைசென்ஸ் வைத்திருப்பார். சைக்கிள்காரரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அதனால் அவர் எதையும் எடுத்துக்கொண்டு போவதும் இல்லை. விழுந்தால் பேர் இல்லாத ஆளாக நம்மிடம் வந்து சேருகிறார்.

எடுத்துக்கொண்டு போகிறவர்களும் பல பேர் தப்பான இடத்தில் வைக்கிறார்கள். ஒருமுறை அப்படி ஒரு பெங்களூர்ப் பையன் ஆண்டர்சன்பேட்டை இறக்கத்தில் விழுந்து தாடை உடைந்து வந்தான். அடையாள அட்டை, எந்த மருந்து ஆகாது என்ற சீட்டு, வீட்டு நம்பர் எல்லாமே ஒழுங்காக வைத்திருந்தான். ஆனால் வைத்திருந்தது சைக்கிள் இருக்கைக்கு அடியில் மாட்டும் குட்டிப் பையில். போனை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தான். தூக்கிவந்தவர்கள் பையனைத் தூக்கிவந்தார்கள், சைக்கிளை டீக்கடையில் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். வாயைத் திறக்க முடியாத அந்தப் பையன் நாங்கள் வலி ஊசியை எடுக்கும்போதெல்லாம் கையை வீசி வீசித் தடுத்தான். பயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கையில், டிரெய்னிங்கில் இருந்த ஒரு பெண் அவன் கையில் பேனாவைக் கொடுத்தாள். படுக்கை விரிப்பிலேயே அந்த ஊசியின் பேரை எழுதி, குறுக்கே ஒரு அடி அடித்தான். அது அவனுக்கு ஆகாத மருந்து. அவனுக்கு நினைவு இருந்ததால் தப்பித்தான்.

இப்போது நினைவு இல்லாமல் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இவர் பையில் கார்டு இருந்தது. இருந்ததால்தான் சிக்கலே வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தக்காளி ஏற்றிய சின்ன வண்டி ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு கேஷுவால்டி வாசலில் வந்து நின்றது. பின்னால் கிரேட்களை ஒதுக்கி, காலிச் சாக்குகளின் மேல் ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், வலது முழங்கைக்குக் கீழே பழைய தழும்பு. இடது காதுக்கு மேலே பலத்த அடி, காதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. கிள்ளினால் முகம் சுளித்தார்.

ஓட்டிவந்தவர் பெயர் வெங்கடேசப்பா. பேத்தமங்களா பக்கத்து விவசாயி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நாங்கள் ஸ்ட்ரெச்சரை இழுக்கும்போதே அவர் கைகூப்ப ஆரம்பித்துவிட்டார்.

"நான் இடிக்கலம்மா. தேவுடு மேல ஆணை. ஏரி ரோட்டு ஓரத்துல கெடந்தாரு. சைக்கிளு அங்கயே இருக்குது. ரோட்டுல கெடந்த போன அவரு பையில போட்டேன். எத்தினு வந்தேன், அவ்ளோதான். மண்டிக்கு நேரம் ஆவுது, நான் போறேன்."

வாட்ச்மேன் அவரிடம் வண்டிச் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் அவருக்கு. சாவியை வாங்காதே என்று சத்தம் போட்டேன். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

"உங்கள யாரும் நிறுத்த மாட்டாங்க. போறதுன்னா போங்க. ஆனா இவ்ளோ பதட்டத்துல வண்டி ஓட்டாதீங்க. ஒரு டீ குடிச்சிட்டு போங்க," என்றேன்.

அவர் வண்டிக் கதவைச் சாத்தினார். பிறகு வாசல் படியில் உட்கார்ந்தார். ஆயா டீ வாங்கிவரப் போனார்.

உள்ளே டியூட்டி டாக்டர் அடிபட்டவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். கோலார் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, ஆனால் பதற்றப்படாதவர். நான் சட்டைப் பையில் கை விட்டேன். ஒரு போன் இருந்தது, சக்கரம் ஏறியது போல நசுங்கி. பர்ஸ் இல்லை. கூடவே, நீல நாடாவைச் சுற்றி வைத்த ஒரு லேமினேஷன் கார்டு. கடையில் தட்டச்சு செய்து வாங்கியது, போட்டோ இல்லை. பெயர் கௌதமன். ஆண்டர்சன்பேட்டை. சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறவர். ரத்தம் ஓ பாசிட்டிவ். அவசரத்துக்கு மனைவி சரோஜா, கீழே போன் நம்பர்.

எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நீங்களும் ஒருநாள் அனுபவிப்பீர்கள், அதனால் சொல்கிறேன். பெயர் கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது போல இருக்கும். ஆபீஸ் பையன் நம்பரை வாங்கிக்கொண்டு அந்த அம்மாவைக் கூப்பிடப் போய்விட்டான். டாக்டர் கோலாருக்கு அனுப்பச் சீட்டு எழுத ஆரம்பித்தார். எங்களிடம் ஸ்கேன் இல்லை. தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. எங்களிடம் இருந்த ஒரே ஆம்புலன்ஸை டிரைவர் பின்னால் திருப்பிக்கொண்டிருந்தார். சீட்டின் மேலே பெயர் கௌதமன், அதற்குக் கீழே இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளி என்று டாக்டர் எழுதிவிட்டார்.

"சுகர் எவ்ளோ சிஸ்டர்?"

பார்த்துச் சொன்னேன். சாதாரணமாக இருந்தது.

"நல்லா கன்ட்ரோல்ல வெச்சிருக்காரு," என்றார் டாக்டர்.

அப்படியும் இருக்கலாம். ஆனால் அதற்காக அவர் விரலைப் பிடித்திருந்தேன் இல்லையா, அந்த விரல் நுனி என் கையை விட்டுப் போகவில்லை. வீட்டில் தினமும் குத்திப் பார்க்கிறவர்களின் விரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாளில் பழகிவிடும். ஓரங்களில் புள்ளி புள்ளியாக, தோல் தடித்து இருக்கும். இவர் விரலில் வேறு விதமான தடிப்பு இருந்தது, கத்தி பிடித்தது. குத்தின புள்ளி ஒன்றும் இல்லை. சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தேன். வருஷக்கணக்காக இன்சுலின் போட்டால் அங்கங்கே கட்டி தட்டியிருக்கும். இவருக்கு மெத்தென்று இருந்தது. எல்லோருக்கும் தட்டும் என்று இல்லை. தொடையில் போடுகிறவர்களும் உண்டு. தொடையையும் பார்த்தேன்.

பிறகு அந்த நாடா. கழுத்தில் போட்டுக்கொள்ள நாடா கோர்த்து வைத்த கார்டை ஒருவர் எதற்காகக் கழற்றிப் பைக்குள் வைக்கிறார்?

ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. மூன்றுக்கும் சேர்த்து இல்லை. ஆபீஸுக்கு ஓடி, சரோஜாவின் நம்பரை நானே போட்டேன். ஆபீஸ் பையன் அவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டான். வீட்டுக்காரருக்கு ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க என்று சொல்லியிருந்தான். அந்த அம்மா ஆட்டோவில் ஏறிவிட்டிருந்தார். போனில் ஆட்டோ இன்ஜின் சத்தம் கேட்டது.

"அம்மா, நான் சிஸ்டர் பேசறேன். ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. உங்க வூட்டுக்காரரு இன்சுலின் எங்க போட்டுக்குவாரு?"

"வயித்துல சிஸ்டர். தெனமும் நான்தான் போட்டு வுடறேன். இன்னா ஆச்சி அவருக்கு? உயிரோட கீறாரா இல்லியா?"

"இங்க இருக்கறவரு உயிரோடதான் கீறாரு. அவருக்கு வலது கைல, முழங்கைக்குக் கீழ, பெரிய தழும்பு இருக்குதா? எண்ணெ கொட்டினாப்பல?"

ஆட்டோ சத்தத்துக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார்.

"அது சேகர் அண்ணன் சிஸ்டர். ஹோட்டல்ல மாஸ்டரா கீறாரு. பெங்களூர் ரயில்ல இவருகூட ஒண்ணா போறவரு. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சைக்கிள்ல பேத்தமங்களா போவாங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. "அப்ப எங்க வூட்டுக்காரரு எங்க சிஸ்டர்?"

தெரியாது என்று சொல்லும்போது குரல் நடுங்கக் கூடாது. அதைத்தான் அன்றைக்கு நான் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். "தெரியலம்மா. தேடறோம். போன கைல வெச்சிக்கங்க," என்றேன்.

வெளியே ஓடினேன். வெங்கடேசப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, அங்க இன்னொருத்தர பாத்தீங்களா?"

"லேதம்மா. ஒருத்தருதான்."

"இன்னொரு சைக்கிள்?"

"ஒரே சைக்கிளு. ரோட்டு ஓரமா நின்னுனு இருந்திச்சி."

"நின்னுனு இருந்திச்சா? விழுந்து கெடக்கலியா?"

அவர் யோசித்தார். "இல்லம்மா. ஸ்டாண்டு போட்டு நிறுத்தி இருந்திச்சி. அவருதான் ரோட்டுல கெடந்தாரு."

அடிபட்டு விழுகிறவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடமாட்டார். சேகர் தானாக இறங்கி, சைக்கிளை நிறுத்திவிட்டு, ரோட்டில் நின்றிருக்கிறார். நண்பனின் கழுத்திலிருந்து எடுத்த கார்டோடு. எதற்காக நின்றார் என்று அந்த நிமிஷம் எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் இன்சுலின் போட்ட ஒருவர் அந்த ரோட்டுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார், எழுந்து வர முடியாத நிலையில் இருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

டாக்டரிடம் சொன்னேன். அவர் முதலில் செய்த காரியத்தை நீங்கள் மறக்கக் கூடாது. எழுதிய சீட்டைக் கிழித்துப்போட்டு வேறு எழுதினார். பெயர் சேகர். சர்க்கரை நோய் உண்டா என்று தெரியாது, பரிசோதித்ததில் சாதாரணம். முதல் சீட்டு அப்படியே போயிருந்தால் கோலாரில் யாராவது அதை நம்பி, நினைவில்லாமல் கிடக்கும் சேகருக்கு இன்சுலின் போட்டிருக்க முடியும். ரத்த குரூப் முடிவும் அதற்குள் வந்துவிட்டது, அது கார்டில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை.

அடுத்தது ஆம்புலன்ஸ். இருப்பது ஒன்று. இன்னொன்றுக்குப் போன் செய்தோம். அது பங்காரப்பேட்டைக்கு அந்தப் பக்கம் வேறு கேஸில் இருந்தது. கண் முன்னால் தலையில் அடிபட்ட ஒருவர். கண்ணுக்குத் தெரியாத இன்னொருவர், அவர் இருக்கிறாரா என்பதே எங்கள் யூகம். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் காப்பாற்றும் வழியை யோசித்துக்கொண்டு நிற்பதுதான் பெரிய ஆபத்து. ஏரி ரோட்டைச் சுற்றிவிட்டுக் கோலாருக்குப் போகலாமா என்று டிரைவர் கேட்டார். கூடாது என்றார் டாக்டர்.

"இவரை நேரா அனுப்பறோம். அங்க தேட சாதா வண்டி போதும். சுகர் டவுனா இருந்தா குளுக்கோஸ்தானே வேணும்? அத நீங்க எடுத்துட்டுப் போக முடியும். இல்லேன்னா?"

"இல்லேன்னா ஒரு சுத்து சுத்திட்டு வந்ததா இருக்கட்டும் டாக்டர்."

வார்டிலிருந்து வந்த நர்ஸ் சேகரோடு ஆம்புலன்ஸில் ஏறினார். நான் குளுக்கோஸ் ஊசி, ஊசிக்குழாய், சுகர் மிஷின் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு தக்காளி வண்டியில் ஏறினேன். வெங்கடேசப்பா உடனே வண்டியைக் கிளப்பினார். மண்டிப் பேச்சை எடுக்கவில்லை. போகும் வழியில் ஒரே ஒரு முறை, "நான் சுத்தி பாத்திருக்கணும் இல்லம்மா?" என்றார்.

"நீங்க பாத்துனு நின்னிருந்தா இவரு போயிருப்பாரு. வண்டிய ஓட்டுங்க."

இதற்காகத்தான் அந்த டீ. வாட்ச்மேன் மிரட்டியிருந்தால் அவர் எப்போதோ போயிருப்பார். அந்த நீளமான ஏரி ரோட்டில் எந்த இடம் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

வழியில் சரோஜாவோடு பேசிக்கொண்டே போனேன். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருந்தார். அழுதுகொண்டிருந்தார், ஆனால் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னார். காலையில் இன்சுலின் போட்டாயிற்று. சாப்பிடவில்லை. பேத்தமங்களாவில் போய் இட்லி தின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கமாகச் சர்க்கரை இறங்குவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

"தலை சுத்தினா இன்னா பண்ணுவாரு? ரோட்டுலயே உக்காந்துடுவாரா?"

"இல்ல சிஸ்டர். அவரு வெயில்ல நிக்கவே மாட்டாரு. நெழலு எங்க கீதோ அங்க போயிடுவாரு."

சேகரின் சைக்கிள் அதே இடத்தில் ஸ்டாண்டில் நின்றது. பக்கத்தில் ரோட்டில் ரத்தக் கறை. ஒரு பக்கம் ஏரிக்கரை, மொட்டை வெயில். மறுபக்கம் ரோட்டிலிருந்து இறங்கி ஒரு வண்டிப் பாதை போனது. அதன் கோடியில் ஒரு மோட்டார் ரூம், அதை ஒட்டி ஒரு புங்க மரம். அந்தப் பக்கம் முழுக்க அது ஒன்றுதான் நிழல். வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர் கண்ணுக்கு அங்கே கீழே யார் இருந்தாலும் தெரியாது. வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு நாங்கள் பாதையில் இறங்கியதும் போன் கட்டாகிவிட்டது. அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. சேகர் ஏன் மேலே ஏறி ரோட்டுக்கு வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மோட்டார் ரூம் சுவருக்குப் பின்னால் இன்னொரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கௌதமன் படுத்திருந்தார்.

படுக்க வைக்கப்பட்டிருந்தார் என்று சொல்ல வேண்டும். ஒருக்களித்து, வாயில் எச்சில் உள்ளே போகாதபடி. தலைக்கு அடியில் மடித்த டவல். சட்டைப் பித்தான்கள் கழற்றி விடப்பட்டிருந்தன. பக்கத்தில் பிரித்த பிஸ்கட் பொட்டலம், ஒரு பிஸ்கட்கூட எடுக்கவில்லை. நினைவில்லாதவர் வாயில் எதையும் திணிக்காமல் விட்டிருந்தார் சேகர். யாராவது சொல்லிக்கொடுத்து செய்தாரா, தானாகச் செய்தாரா, எனக்குத் தெரியாது. எப்படியோ, சரியாகச் செய்திருந்தார்.

சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. மூச்சு குறட்டை மாதிரி வந்தது. மிஷினில் எண்ணே வரவில்லை, குறைவு என்று மட்டும் காட்டியது. கை ஜில்லிட்டுப் போய் நரம்பு உள்ளே அடங்கியிருந்தது. முதலில் குத்தியது கிடைக்கவில்லை. அவசரப்பட்டு மறுபடி குத்தியிருந்தால் அதுவும் போயிருக்கும். வெங்கடேசப்பாவைத் தோளுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, கையைத் தேய்த்துச் சூடாக்கி, நரம்பு விரலில் தட்டும்வரை காத்திருந்தேன். அந்தக் காத்திருப்புதான் அன்றைக்கு நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை. கிடைத்தது. மெதுவாகக் குளுக்கோஸை ஏற்றினேன்.

சர்க்கரை இறங்கி மயங்கினவர்கள் திரும்பி வருவதை நீங்கள் இனிமேல் பார்ப்பீர்கள். நமது வேலையில் அவ்வளவு சீக்கிரம் பலன் தெரிகிற காரியம் வேறு கிடையாது. முதலில் குறட்டை நின்றது. பிறகு கண் திறந்து மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வெள்ளை உடுப்பும் தக்காளிக்காரரின் முண்டாசும் அவருக்கு ஒன்றோடொன்று ஒட்டவில்லை போல.

"சேகர் எங்க?" என்றார்.

"கோலாருக்குப் போயிருக்காரு. மொதல்ல இத குடிங்க."

"கோலாருக்கு எதுக்கு? இங்கதானே நின்னுனு இருந்தான்? டயர் பஞ்சராயி லேட்டாயிடிச்சி சிஸ்டர், தலை சுத்துதுன்னு சொன்னேன், நெழலுக்கு வந்தேன், அவன் பின்னாலயே ஓடியாந்தான்..."

அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்தார். கார்டு இல்லை.

இருவரும் தாங்கிப் பிடித்து அவரை ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். வண்டியில் ஏற்றும்போது என் போன் அடித்தது. சரோஜா. போனைக் கௌதமன் கையில் கொடுத்தேன்.

"சரோ, நான்தான்," என்றார்.

சரோஜாவின் குரல் நான் நின்ற இடம்வரைக்கும் கேட்டது.

"இட்லி துன்னுட்டு போன்னு சொன்னேன் இல்ல? சொன்னேனா இல்லியா?"

சேகருக்குக் கோலாரில் ஸ்கேன் எடுத்து, அங்கிருந்து பெங்களூருக்கு அனுப்பி, தலையைத் திறந்து கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்தார். எந்த வண்டி இடித்துவிட்டுப் போனது என்று கடைசிவரை தெரியவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு ரோட்டுக்குள் வந்திருப்பார். இன்னொரு கையில் போன் இருந்திருக்கும். சரோஜாவின் நம்பர் அவரிடம் இல்லை, கௌதமனின் போன் பூட்டு போட்டது. அதனால்தான் கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மேலே ஏறியிருக்கிறார். இதெல்லாம் நாங்கள் சேர்த்துப் பார்த்ததுதான். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அந்தக் காலை அவர் தலையிலிருந்து முழுசாகப் போய்விட்டது. டயர் பஞ்சரானதுகூட நினைவில்லை. கௌதமன் எத்தனையோ முறை சொல்லியும், வேறு யாருடைய கதையையோ கேட்பது மாதிரிதான் கேட்டுக்கொண்டிருப்பார் என்று சரோஜா சொன்னார்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கார்டு அதன் சொந்தக்காரரைப் பற்றித்தான் பேசும். படுக்கையில் இருப்பவர்தான் சொந்தக்காரரா என்று உடம்பைப் பார்த்து, வீட்டாரைக் கேட்டு நீங்கள்தான் உறுதி செய்ய வேண்டும். உறுதியாகாவிட்டால் வேலை குறையவில்லை, இரண்டாகிவிட்டது என்று அர்த்தம். இந்த ஆள் யார் என்பது ஒன்று. அந்த ஆள் எங்கே என்பது இன்னொன்று. தப்பான ஆளுக்குப் போன் போய்விட்டது, மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அதோடு விடாதீர்கள்.

சைக்கிள்காரர்கள் வந்தால் சொல்லி அனுப்புங்கள். கார்டு உடம்பில் இருக்கட்டும், சைக்கிளில் வேண்டாம். போட்டோ ஒட்டச் சொல்லுங்கள். மருந்து மாறினால் கார்டையும் மாற்றச் சொல்லுங்கள். துணைக்கு வருகிறவரும் தனக்கென்று ஒன்று வைத்திருக்க வேண்டும். அன்றைக்குச் சேகரிடம் அவருடையது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சரோஜாவுக்கு அந்தத் தழும்பு தெரிந்திராவிட்டால் அவர் பெயர் தெரியாதவராகத்தான் கோலாருக்குப் போயிருப்பார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னால் இருவரும் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சேகர் கொஞ்சம் மெலிந்திருந்தார். பேச்சு வேகம் குறைந்திருந்தது, சொல்லைத் தேடி எடுத்துப் பேசினார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கார்டு அடிக்க எழுதியது.

"பாருங்க சிஸ்டர், சரியா கீதான்னு."

பெயர், ஸ்கெலட்டன் லைன் சுரங்க குவார்ட்டர்ஸ் விலாசம், ரத்த வகை, தலையில் ஆபரேஷன் ஆனது, சாப்பிடும் மாத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடம் மட்டும் காலி.

"இங்க யாரு?" என்றேன்.

"அதான் சிஸ்டர் தெரில." சிரித்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். "அதுக்காகத்தான் இத்தினி நாளு கார்டே போடல. போட்டு இன்னா, கூப்புட ஆள் இல்லியே."

சைக்கிள்களைப் பூட்டிவிட்டு உள்ளே வந்த கௌதமன் அதைக் கேட்டார். "என் நம்பர போடுடா."

சேகர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்கூடதானே வுழுவ? நான் அடிபட்டு கெடந்தா நீயும் பக்கத்துல கெடப்ப. உன் நம்பருக்கு அடிச்சி இன்னா பிரயோஜனம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட வருகிறவரின் நம்பரைப் போடாதீர்கள் என்று நான் வருஷக்கணக்காக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கௌதமனும் சிரித்தார்.

"அப்ப சரோஜா நம்பர போடு. அவ ஒண்ணும் சைக்கிள் ஓட்ட மாட்டா."

நான் பேனாவை எடுத்து நம்பரைக் கேட்டேன். கௌதமன் சொல்லச் சொல்ல எழுதினேன். அதற்குப் பக்கத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது.

"இங்க இன்னா எழுதட்டும்?" என்றேன்.

கௌதமன் வாயைத் திறந்தார். அதற்குள் சேகர், சொல்லைத் தேடவே வேண்டியிராமல், "தங்கச்சி," என்றார்.

எழுதிக் கொடுத்தேன். இருவரும் லேமினேஷன் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பினார்கள்.